சஹனை விட்டு எழும்பிய நாள்

அன்று அந்த சஹனைச் சுற்றி இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மகள், என் மாமியார், என் வீட்டுக்காரரின் தங்கச்சியான என் மதினி, நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரி, பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் ஒரு வயதான பெண். அந்தப் பெண்ணை எனக்கு முன்பின் தெரியாது.

கற்பிட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சி, ஓரத்தில் பருப்பு, கத்தரிக்காய் மோஜு என்று வைத்து ஆறு பேருக்கு நடுவில் இறக்குவார்கள். அதுதான் சஹன். அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்தை அவரவர் சாப்பிட வேண்டும். ஒருவர் முந்தி எழும்பினால் சஹனே கலைந்த மாதிரி. கடைசி ஆள் விரலைச் சூப்பி முடிக்கும் வரை மற்றவர்கள் ஒரு பருக்கையையாவது பொறுக்கிக்கொண்டு குந்தியிருப்பார்கள். அதனால் சஹன் என்றால் எனக்குப் பயம். தனித்தட்டு என்றால் மூடிவைத்து ஒளிக்கலாம், இதில் ஒளிக்க முடியாது.

என்னிடம் ஒரு தந்திரம் இருந்தது. சோற்றைப் பிசைவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்து ஆளின் பக்கம் தள்ளிவிடுவேன். பல கல்யாணங்களில் அது சரிவந்திருக்கிறது. அன்று என் வலப்பக்கம் அந்த வயதான பெண்.

"என்ன மகள், நான் திங்கத் திங்க என்ட பக்கம் சோறு கூடிக்கொண்டே போகுது. இது அல்லாஹ்ட பரக்கத்தா, இல்லாட்டி நீ தள்ளுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதினி எனக்காகப் பேச வந்தாள்.

"அவங்க இப்ப கவனமாத்தான் சாப்பிடுறாங்க. என்ட நானாவும் அவங்களும் மக்காவுக்கு, உம்றாவுக்குப் போகப் போறாங்க."

"மாஷா அல்லாஹ்!" என்றார் அந்தப் பெண். "எனக்கும் துஆ கேளுங்க மகள்."

பக்கத்து வீட்டு ராத்தா விடவில்லை. "மக்காவுல இருந்து மதீனாவுக்கு பஸ்ஸிலதான் கொண்டு போவாங்க. ஆறு மணித்தியாலமாம். நம்மட கொழும்பு பஸ் மாதிரி இல்ல, பாலைவனம், ஒரு மரம் இல்ல."

பஸ், ஆறு மணித்தியாலம், மரம் இல்லை. அவ்வளவும் வயிற்றுக்குக் கேட்டுவிட்டது. கீழ்வயிறு ஒரு முறுக்கு முறுக்கியது. கையில் சோற்றோடு நான் எழும்பி ஓடினேன். என் மாமியார், "சஹன நடுவுல விட்டுட்டு எங்க போறா இவ?" என்று கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது. குளியலறை வாசலில் புதுப் பட்டுச் சாரிகளோடு ஒரு வரிசை நின்றது. அந்த வரிசையில் நான் பட்ட பாட்டை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புத்தளத்துக்குத் திரும்பும் வான் வண்டியில் மதினி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். மாம்புரி தாண்டியது. பிறகு மெல்லச் சொன்னாள்.

"மதினி, கோவிக்க வேணாம். ஒங்களால ஊர்ல இருந்து கற்பிட்டிக்கே ஒழுங்கா போய் வர முடியல்ல. அங்க போய் என்ன செய்வீங்க? கஃபாவச் சுத்துற நேரம் வயித்தப் பிடிச்சுக்கொண்டு ஓடுவீங்களா? நானா ஒங்கட பேருக்குப் பதிலா என்ட பேரக் குடுக்கட்டும். நான் தங்கச்சிதானே, அவரோட நான் போகலாம்."

அவள் ஆசைப்பட்டதில் பிழை இல்லை. கணவன் மௌத்தான பிறகு ரியாத்தில் ஒரு வீட்டில் வருஷக்கணக்காக வேலை செய்தவள் அவள். அந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு நோன்பு மாதத்துக்கும் குடும்பத்தோடு மக்காவுக்குப் போவார்கள். இவளை வீட்டுக்குக் காவலாக விட்டுவிட்டுப் போவார்கள். அத்தனை வருஷமும் அந்த நாட்டிலேயே இருந்து கஃபாவைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்துவிட்டு வந்தவள்.

"உம்றாக் குழுவுக்குப் பாஸ்போட் குடுக்க இன்னும் நாள் இரிக்கி. யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. போகத் தேவையில்லை, பஸ் இல்லை, வரிசை இல்லை என்ற நிம்மதி. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அந்த நிம்மதியை நினைத்துப் பயந்தேன். வாழ்நாள் ஆசை கையை விட்டுப் போகிறது என்றாலும் நிம்மதியாக இருக்கும் அளவுக்கு இந்த வயிறு என்னை ஆக்கிவிட்டதே என்று.

எனக்கு இருப்பதை வருத்தம், ஒரு நோய் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சாப்பிட்டால் உப்பும். கீழ்வயிறு முறுக்கும். போய்விட்டு வந்தால் கொஞ்சம் ஆறும். சில கிழமை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு நாலைந்து நாள் ஒன்றுமே போகாமல் கல்லாகக் கிடக்கும். வெளியே புறப்படச் செருப்பைப் போட்டால் போதும், வயிறு கூப்பிடும். பாலாவிச் சந்தியில் எந்தக் கடைக்காரர் கக்கூஸ் சாவியைத் தருவார், எந்தப் பெற்றோல் ஷெட்டில் தண்ணீர் வராது என்று எனக்கு மனப்பாடம்.

போர்க்காலத்தில் மன்னாரை விட்டு முஸ்லிம்களான எங்களை வெளியேற்றி, நாங்கள் புத்தளத்துக்கு வந்த வருஷத்தோடு என் படிப்பு முடிந்தது. ஐந்தாம் வகுப்பு. முகாமில் தம்பிமாரைத் தூக்கிவைத்திருப்பது என் வேலையானது. அதிலிருந்து படித்தவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது. டொக்டர் எது சொன்னாலும் ஓம், ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் இருந்து பயப்படுவேன். வாப்பாவின் தங்கச்சி ஒருவர் குடலில் புற்றுநோய் வந்து இறந்தவர். ஒவ்வொரு காலையும் எனக்கு அந்த நினைப்புத்தான். வெந்தயம் விழுங்கினேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். கண்ணூறு என்றார்கள், ஓதிய தண்ணீர் குடித்தேன். குடல் ஆறும் என்று சொன்னார்கள், பால் குடித்தேன். பாலுக்குப் பிறகு மூன்று நாள் நான் மனுசியாக இருக்கவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்து, மலம் பார்த்து, கமராவும் விட்டுப் பார்த்திருந்தார்கள். எல்லாம் நல்லது என்று வந்தது. நான் அதை நம்பவில்லை. நல்லது என்றால் ஏன் வலிக்கிறது? கமரா போகாத மூலையில் ஏதோ இருக்கிறது என்று எனக்குள் முடிவுகட்டி, அடுத்த கிளினிக்குக்குப் போகாமலே விட்டிருந்தேன்.

மதினி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்ப்போம் என்று மகள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு சிங்கள டொக்டர் அம்மா. கொஞ்சம் தமிழ் பேசுவார். அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"காலையில என்ன சாப்பிடுறது?"

"டீ."

"பிறகு?"

"இன்னொரு டீ."

"பகலைக்கு?"

நான் நிலத்தைப் பார்த்தேன். "இஷா தொழுதுட்டுத்தான் சாப்பிடுவேன்."

"அது ராத்திரி தானே? நோன்பா?"

"இல்ல."

"அப்ப ஏன்?"

மகளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது தெரியாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு உம்மா சாப்பிடுகிறார் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். தொழுவதற்கு முன் நாங்கள் கை, முகம், கால் கழுவி வுளூ எடுப்போம், காற்றுப் பிரிந்தால் அது முறிந்துவிடும், சாப்பிட்டால் எனக்குக் காற்று நிற்காது, ஒரு தொழுகைக்கு நாலு தரம் வுளூ எடுத்திருக்கிறேன், ஆகவே கடைசித் தொழுகை முடியும் வரை சாப்பிடுவதை விட்டுவிட்டேன் என்று அரைவாசி தமிழிலும் அரைவாசி சிங்களத்திலும் சொன்னேன்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு காலம்?"

"இவ மூணாம் வகுப்புப் படிக்கக்குள்ள இருந்து."

"உம்மா!" என்றாள் மகள். அவளுக்கு இப்போது இருபது வயது.

டொக்டர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. "நீங்க பொய் சொல்ல இல்ல. வலி உண்மை. புற்றுநோய் இல்ல. ஆனா உங்களுக்கு வருத்தம் இருக்கு, அதுக்குப் பேரும் இருக்கு" என்றவர் ஐ.பி.எஸ்., அதாவது சீக்கிரம் எரிச்சல்படும் குடல், என்று எழுதிக் காட்டினார். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, அது வேலை செய்யும் விதத்தில்தான் கோளாறு. குடலும் மூளையும் ஓயாமல் கதைத்துக்கொண்டிருக்கின்றன, உங்களுக்கு அந்தக் கதை சத்தமாகக் கேட்கிறது என்றார். எங்கள் வீட்டு நாய்க்கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. இல்லை, எங்கள் வீட்டு நாய் இல்லை, அடுத்த ஒழுங்கையில் ஒன்று. மீன்காரர் வந்தாலும் குரைக்கும், தென்னோலை விழுந்தாலும் அதே மாதிரிக் குரைக்கும். என் குடலும் அப்படித்தான் போல.

நாள் முழுக்க வெறும் வயிற்றில் டீயை ஊற்றி, இராத்திரி பயத்தோடு அவசரமாக ஒரு தட்டுச் சோற்றை அள்ளிப்போட்டால் நல்ல வயிறே சண்டை பிடிக்கும் என்றார். காற்றுக்குப் பயந்து நான் செய்ததுதான் காற்றைக் கூட்டியிருக்கிறது. மூன்று நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக, இருந்து, மென்று சாப்பிடச் சொன்னார். பால் டீயை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். பருப்பும் வெங்காயமும் வெள்ளுள்ளியும் ஒத்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார், எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டாம் என்றார். முறுக்குக்கு ஒரு மாத்திரை, மலச்சிக்கலுக்கு இசப்கோல் தூள். இரத்தம் போனால், சும்மா மெலிந்தால், காய்ச்சல் வந்தால், தூக்கத்தில் எழுப்பிப் போக வைத்தால் உடனே வரவேண்டும். மற்றதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

"இது முழுசா சுகமாகுமா?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் ஒரு டொக்டரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"வரும், போகும். ஆனா உங்கட சொல்லுக் கேக்கப் பழகும்" என்றார். "தொழுகை விஷயம் எனக்குத் தெரியாது. அத உங்கட மௌலவிக்கிட்ட கேளுங்க."

என் வீட்டுக்காரர் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்று பின்னேரம் வந்ததும் மகள் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். இவர் என் பக்கம் திரும்பினார்.

"நம்மட த்ரீவீலுக்கும் சைலென்சர் ஓட்டைதான். அதுக்காக ஓட்டாம விட்டோமா?" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

பிறகு மௌலவிக்குப் போன் எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். மௌலவி சாதாரணமாகத்தான் சொன்னார். வயிற்றுக்குள் உருளுவது வேறு, வெளியே வருவது வேறு. சந்தேகத்துக்கு வுளூ முறியாது. கஃபாவைச் சுற்றும்போது உண்மையிலேயே முறிந்தால் போய் எடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சுற்றலாம். "ஒங்கட வீட்டுக்காரிக்குச் சொல்லுங்க, அல்லாஹ் பட்டினி கிடக்கச் சொல்லல்ல எண்டு."

இத்தனை வருஷம் இதை நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. வெட்கம்தான். ஆம்பிள ஒருவரிடம் எப்படிக் கேட்பது என்று.

அடுத்த நாள் காலையில் சாப்பிட உட்கார்ந்தேன். நான் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். ஊருக்கெல்லாம் அவிப்பவள், என் தட்டில் மூன்று இடியப்பத்தை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். மகள் காவல் இருந்தாள். "மென்று தின்னுங்க உம்மா, யாரும் பறிக்க வரல்ல."

சுகம் ஒரே நாளில் வரவில்லை. முதல் கிழமை முந்தியதை விட மோசம் போலவும் இருந்தது. மாமியார், "டொக்டர் குடுத்த வருத்தம்" என்று பெயர் வைத்தார். பருப்பு கொஞ்சம் என்றால் தாங்குகிறது, பச்சை வெங்காயச் சம்பல் என்றால் தாங்காது, பலாச்சுளை பக்கமே போகக்கூடாது என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. பின்னேரத்தில் மகளோடு களப்பு என்னும் கடலேரியின் கரையில் நடந்தேன். பயம் வரும்போது மூச்சை அடிவயிறு வரை இழுத்து மெல்ல விடப் பழகினேன். முதலில் அதைச் செய்ய எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் நெஞ்சு படபடப்பது குறைந்தால் வயிறும் குறைகிறது என்பதை நானே கண்டுகொண்டேன். உடம்புக்குள் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல.

வீட்டுக்குள் இதெல்லாம் சரி. பஸ்ஸில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பாஸ்போட் கொடுக்கும் நாள் நெருங்கியது. யாருடைய பெயர் என்று இவர் என்னை ஒருநாளும் கேட்கவில்லை, கேட்காமல் இருந்ததே எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

மதினியின் மகளைக் கட்டிக்கொடுத்த இடம் எலுவன்குளம். அங்கே அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. காட்டோரப் பாதை, பஸ் குலுக்குகிற குலுக்கலுக்கு நல்ல வயிறே கலங்கும் என்று நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. கல்யாணத்துக்கே போகவில்லை, அது மதினிக்கு மனத்தாங்கல். "நானும் வாறேன்" என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"வானா, பஸ்ஸா?"

"பஸ்ஸிலதான்."

"மதினி, ஒங்களுக்குச் சுகமா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காலையில் இரண்டு இடியப்பம், ஒரு முட்டை சாப்பிட்டுவிட்டு ஏறினேன். பாதி வழி வரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு வீடுகள் குறைந்து பற்றைகள் வரத் தொடங்கியதும் அந்தப் பழைய முறுக்கு வந்தது. மூச்சை இழுத்து விட்டேன். கொஞ்சம் அடங்கியது, திரும்ப வந்தது. முந்தி என்றால் கண்ணை மூடி, வியர்த்து, யா அல்லாஹ் யா அல்லாஹ் என்று செத்துப் பிழைத்திருப்பேன். தூரத்தில் ஒரு வீடு தெரிந்தது. முற்றத்தில் ஒரு பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் எழும்பி நின்றேன்.

"தம்பி, அந்த வீட்டடியில நிப்பாட்டுங்க. எனக்கு வயிறு சரியில்ல. போய்ட்டு வரணும்."

முழு பஸ்ஸுக்கும் கேட்டது. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

கொண்டக்டர், "இதென்ன டூர் பஸ்ஸா, நெனச்ச இடத்தில நிப்பாட்ட?" என்றான்.

நான் வாய் திறப்பதற்கு முன் மதினி எழும்பிவிட்டாள். "ஒன்ட உம்மாக்கு வந்தா நிப்பாட்ட மாட்டியா? நிப்பாட்டுடா! இல்லாட்டி சீட்டக் கழுவ நீதான் வரணும்."

பஸ் நின்றது. முன்சீட்டில் யாரோ சிரித்தார்கள். நான் இறங்கி அந்தப் பெண்ணிடம் சிங்களத்தில் கேட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, கவ்வியிருந்த உடுப்புக் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள், வாளியில் தண்ணீரும் அள்ளித் தந்தாள்.

நான் திரும்பி வரும்போது வாசலில் இரண்டு பெண்கள் நின்றார்கள். எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள். ஒருத்தி பிள்ளைத்தாச்சி.

"நல்ல காலம் நீங்க கேட்டீங்க ராத்தா" என்றாள் அவள். "பஸ் ஸ்டாண்டுல இருந்து அடக்கிக்கொண்டு வாறேன். எப்படிச் சொல்லுற எண்டு இருந்தேன்."

பஸ் அவர்களுக்காகவும் நின்றது. கொண்டக்டர் இறங்கி ஒரு மரத்தடியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வானம் இடிந்து விழவில்லை. எலுவன்குளத்துக்கு நாங்கள் கொஞ்சம் பிந்திப் போனோம், அவ்வளவுதான்.

மிச்சத் தூரம் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"நீங்கதான் போகணும், மதினி" என்றாள். "ஆனா அங்க டிரைவர் அரபி. தமிழில கத்தினா அவனுக்கு விளங்காது. நிப்பாட்ட 'வக்கிஃப்' எண்டு சொல்லணும். கக்கூஸுக்கு 'ஹம்மாம்'. சொல்லுங்க பாப்பம்."

"வக்கிஃப்."

"இன்னும் சத்தமா. ரியாத்துல நான் இப்படித்தான் கத்துவேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த நாட்டின் பாஷை எல்லாம் இவளிடம் இருக்கிறது, போகும் இடம் மட்டும் எனக்கு.

புத்தளம் பஸ் ஸ்டாண்டில் இவர் த்ரீவீலோடு காத்திருந்தார். மதினியை அவள் வீட்டில் இறக்கிய பிறகு சொன்னேன். "நான் வாறேன். மதினியையும் கூட்டிக்கொண்டு போவோம். மூணு பேரா."

இவர் வண்டியை ஓரமாக்கி நிறுத்தினார். வயிற்றில் கையை வைத்தார்.

"மூணு பேருட காசா? இப்ப எனக்குக் கலக்குது" என்றார்.

மதினி ரியாத்திலிருந்து கொண்டுவந்த வளையலில் ஒன்றை விற்றாள். நான் இன்னொரு கடைக்கும் இடியப்பம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். போன கிழமையும் வயிறு இரண்டு நாள் என்னைப் படுத்தியது. ஒரு வீட்டில் வெங்காயம் அள்ளிப்போட்ட பருப்பைக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டது என் பிழை. காலை மூன்று இடியப்பத்தை மட்டும் விடவில்லை. பாஸ்போட் மூன்றும் ஒன்றாகப் போய்விட்டன. உம்றாக் குழுவுக்கு மூன்று பேருக்குமாக நாங்கள் இன்னும் கட்ட வேண்டியது நாலு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய்.